வெயிலில் படுத்துவிடும் பழைய சிவிக்: பி16ஏ இஞ்சினுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பா, பீடோர் வட்டாரத்தில் ஓடும் ஈஜி, ஈகே (1990களின் ஹோண்டா) சிவிக்குகள் பலவற்றில் இருப்பது காடியோடு (காரோடு) பிறந்த இஞ்சின் அல்ல, ஹாஃப்கட்டிலிருந்து (ஜப்பானில் பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய காடியிலிருந்து) இறக்கிய பி16ஏ. 1,595 சிசி கொள்ளளவில் 7,800 ஆர்பிஎம்மில் 170 குதிரைத்திறன் தருமென்று ஜப்பானில் விற்ற இரண்டாம் தலைமுறை இஞ்சின் அது. இன்று அதற்கு வயது 30ஐத் தொட்டிருக்கும் அல்லது தாண்டியிருக்கும். வயரிங்கில் மூன்று நான்கு போமேன்களின் (மெக்கானிக்குகளின்) கை பட்டிருக்கும். ஓடும் இடமும் லேசுப்பட்டதல்ல. செம்மண் சடக்கு (சாலை), செம்பனைக் குலை லோரி போட்ட பள்ளம், பகல் முழுக்க வெயில், சாயங்காலம் மழை, விடுமுறை நாளென்றால் கேமரன் மலை ஏற்றம்.

டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிடும் பாகம்) மாற்றி, பெட்ரோல் பம்பை மாற்றி, கடைசியில் பத்துக் காசு சோல்டரில் விரிசல் என்று கண்டுபிடிப்பது இந்தக் காடிகளில் வாடிக்கை. ஆகவே பாகம் வாங்கும் முன் அளந்துவிடுங்கள். மல்டிமீட்டர், டைமிங் லைட், ஃபீலர் கேஜ், 12 வோல்ட் டெஸ்ட் லாம்பு, கம்பிரஷன் கேஜ், 10 முதல் 19 வரை ஸ்பானர், ஒரு பேப்பர் கிளிப். இவ்வளவு இருந்தால் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே முடிக்கலாம்.

முதல் வேலை: இசியு (இஞ்சினின் கணினி) என்ன சொல்கிறது

ஈஜி வயரிங்கில், முன் பயணி கால் வைக்கும் பக்கத்து ஓரப் பலகைக்குப் பின்னால், எதிலும் மாட்டாமல் தொங்கும் இரண்டு பின் கனெக்டர் ஒன்று இருக்கும். சாவி அணைந்திருக்கும்போது அந்த இரண்டு பின்னையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு சாவியைத் திருப்புங்கள். இஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் இஞ்சின் விளக்கு மின்னத் தொடங்கும். நீளமான மின்னல் 10, குட்டை மின்னல் 1. இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் 21. பக்கத்தில் மூன்று பின் கனெக்டரும் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

அடிக்கடி வருபவை: 3, 5 என்றால் மேப் சென்சர் (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது). 4, 8, 9 மூன்றும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சர்கள். 6 கூலண்ட் சூடு, 7 த்ரோட்டல், 10 உள்ளே போகும் காற்றின் சூடு, 14 ஐடல் (மிதிக்காதபோது இஞ்சின் ஓடும் வேகம்) வால்வு, 15 இக்னிஷன் சிக்னல், 17 வேக சென்சர், 21 விடெக் (உயர் ஆர்பிஎம்மில் வால்வுகளை அதிகம் திறக்கும் பெரிய கேமுக்கு மாற்றும் அமைப்பு) சோலினாய்டு, அதாவது மின் வால்வு, 22 விடெக் பிரஷர் சுவிட்ச், 23 நாக் சென்சர். எண் காட்டுவது அந்த மின்சுற்றை. பாகம் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. கனெக்டர் பச்சை பூத்திருந்தாலும், வயர் அறுந்திருந்தாலும் அதே எண்தான் வரும்.

சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் இசியுவுக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது காடியை விற்றவர் மீட்டரிலிருந்து பல்பைக் கழற்றிவிட்டார். இரண்டாவது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

பழுது பார்த்து முடித்த பிறகு, பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் 'பேக் அப்' என்று குறித்த 7.5 ஆம்ப் ஃபியூஸை 10 விநாடி எடுத்து வைத்தால் பழைய எண்கள் அழியும்.

காலையில் ஸ்டார்ட் ஆகிறது, வெயிலில் நிறுத்தினால் ஆகவில்லை

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. முதல் சந்தேகம் மெயின் ரிலே. இசியுவுக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் கொடுக்கும் இந்தச் சிறு பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. பூட்டிய காடிக்குள் சூடு ஏறும்போது உள்ளே பலகையில் விரிசல் விட்ட சோல்டர் விரிந்து தொடர்பு அறுகிறது. ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

காடி படுத்திருக்கும் நேரத்திலேயே சோதிக்க வேண்டும், ஆறிய பிறகு சோதித்துப் பயனில்லை. ரேடியோ, ஏர்கான் எல்லாம் அணைத்துவிட்டு சாவியைத் திருப்புங்கள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி பம்ப் முனகும் சத்தம் கேட்க வேண்டும். விளக்கு எரிந்து அணைகிறது, பம்ப் சத்தம் இல்லை என்றால், பின்சீட்டைத் தூக்கி பம்ப் கனெக்டரில் டெஸ்ட் லாம்பை வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு விநாடி லாம்பு எரிந்தால் பம்ப் கெட்டிருக்கிறது. எரியாவிட்டால் ரிலே, அல்லது அதற்கு வரும் வயர்.

ரிலேயைக் கழற்றி, மூடியின் ஓரக் கொக்கிகளை நெம்பினால் பலகை வெளியே வரும். ஒவ்வொரு பின்னின் அடியையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பின்னைச் சுற்றி முடி போல ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால் அதுதான் விரிசல். தடித்த பின்களில்தான் முதலில் வரும். பழைய சோல்டரை உறிஞ்சி எடுத்துவிட்டு, 60/40 ஈய சோல்டரால் புதிதாக வையுங்கள். பழசின் மேலேயே சூடு காட்டி உருக்கிவிட்டால் சில மாதத்தில் திரும்ப வரும். ஒரு விரிசலைக் கண்டாலும் எல்லாப் பின்னையும் செய்துவிடுங்கள், பெட்டி திறந்துதானே இருக்கிறது.

பம்ப் முனகுகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போங்கள். ஒரு பிளக் வயரைக் கழற்றி, உபரிப் பிளக் ஒன்றை மாட்டி, அதன் உலோகப் பகுதியை இஞ்சினில் அழுத்தி வைத்து சுற்றவிட்டுப் பாருங்கள். நெருப்பு இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது என்றால் காயிலோ இக்னைட்டரோ (காயிலை இயக்கி அணைக்கும் மின்னணுப் பாகம்). காயிலின் முதல் சுற்று ஒரு ஓமுக்குக் கீழேயும், இரண்டாம் சுற்று சுமார் 13 முதல் 19 கிலோ ஓமுக்குள்ளும் இருக்க வேண்டும். காயில் சரியாக இருந்து சூட்டில் மட்டும் நெருப்பு அறுந்தால் இக்னைட்டர். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் திடீரென்று துள்ளி விழுந்து காடி அணைவது இக்னைட்டரின் கையெழுத்து. புது இக்னைட்டரை மாட்டும்போது அதன் முதுகில் சூடு கடத்தும் பசை தடவ மறக்காதீர்கள். பசை இல்லாமல் மாட்டியது இந்த வெயிலுக்கு நாள் தாங்காது.

மூடியைத் திறந்ததும் உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் தண்டின் உள் சீல் போய்விட்டது. துருப்பிடித்த செம்பொடி படிந்திருந்தால் பேரிங் முடிகிறது, இறுகிவிடும் முன் மாற்றுங்கள். வெளியே, ஹெட்டோடு சேரும் இடத்தில் மட்டும் கசிந்தால் ஒரு ஓ-ரிங் போதும். முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் மலிவு நகலாக வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அசல் கூடு நன்றாக இருந்தால் உள்ளுறுப்புகளை மட்டும் மாற்றுவதே மேல்.

கழற்றும் முன் கூட்டிலும் ஹெட்டிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு இஞ்சின் சூடாகி ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கட்டும். முன்பு சொன்ன இரண்டு பின் கனெக்டரை இணைத்த நிலையில் டைமிங் லைட்டை அடியுங்கள். கிராங்க் புல்லியில் உள்ள சிவப்புக் கோடு சுட்டியோடு ஒத்துப்போக வேண்டும். அதுதான் 16 டிகிரி, இரண்டு டிகிரி முன்பின் இருக்கலாம். கனெக்டரை இணைக்காமல் டைமிங் வைத்தால் இசியு தானாகத் திருத்திக்கொண்டே இருக்கும், உங்கள் அளவு பொய்யாகிவிடும்.

ஐடல் ஏறி ஏறி இறங்குகிறது

1,000க்கும் 2,000க்கும் இடையில் முள் ஊஞ்சலாடும். பலர் உடனே ஐடல் வால்வை வாங்குவார்கள். அதற்கு முன் ரேடியேட்டர் மூடியை, இஞ்சின் ஆறியிருக்கும்போது, திறந்து பாருங்கள். கூலண்ட் குறைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது.

த்ரோட்டல் பாடியோடு சேர்ந்த ஃபாஸ்ட் ஐடல் வால்வு, தன் வழியாக ஓடும் கூலண்டின் சூட்டை வைத்துத்தான் மூடுகிறது. அதற்குள் காற்றுக் குமிழி நின்றால் இஞ்சின் சூடானது அதற்குத் தெரியாது, திறந்தே இருக்கும். கூடுதல் காற்று போய் ஐடல் ஏறும். த்ரோட்டல் மூடியிருந்தும் ஆர்பிஎம் அதிகம் என்று பார்த்து இசியு பெட்ரோலை நிறுத்தும். இறங்கியதும் திரும்பக் கொடுக்கும். ஊஞ்சல் அப்படித்தான் உண்டாகிறது.

காற்றை வெளியேற்ற, ஹெட்டிலிருந்து மேல் ரேடியேட்டர் குழாய் கிளம்பும் இடத்தில் உள்ள சிறு பிளீடர் போல்ட்டைத் தளர்த்தி, ரேடியேட்டர் வாய் வழியாக ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி இல்லாமல் ஒரே சீராக வழியத் தொடங்கியதும் இறுக்குங்கள். மெதுவாக இறுக்க வேண்டும், அலுமினியத்தில் அந்தப் போல்ட் எளிதில் முறியும். பிறகு மூடியைத் திறந்தபடியே ஓடவிட்டு, ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்றபின் நிரப்பி மூடுங்கள்.

இன்னும் ஆடுகிறதா? இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போது, காற்றுக் குழாயைக் கழற்றி த்ரோட்டல் பாடி வாயில் கீழே உள்ள ஓட்டையை விரலால் மூடுங்கள். உறிஞ்சல் தெரியக் கூடாது. தெரிந்தால் ஃபாஸ்ட் ஐடல் வால்வு மூடவில்லை. கழற்றித் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் மரை தளர்ந்து வெளியே வந்திருக்கும், உள்ளே திருகிவிட்டால் போதும். சிலர் தகடு வைத்து அடைத்துவிடுகிறார்கள். தாப்பா சூட்டுக்கு அதில் பெரிய கெடுதல் இல்லை, காலையில் முதல் ஒரு நிமிடம் ஐடல் கொஞ்சம் தாழ்வாக இருக்கும், அவ்வளவுதான்.

அதற்கும் அடங்காவிட்டால் வேக்கம் கசிவு. இன்டேக் மேனிஃபோல்டின் அடி கேஸ்கட், பிரேக் பூஸ்டர் குழாய், இன்ஜெக்டர் ரப்பர் வளையம் ஆகிய இடங்களில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஐடல் மாறும் இடம்தான் கசியும் இடம். கார்ப் கிளீனரைச் சூடான எக்ஸ்ட்ராக்டர் (புகை வெளியேறும் குழாய்) பக்கம் அடிக்கிறவர்கள் தீயணைப்பானையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஐடல் ஸ்குருவைத் திருகுவது கடைசி வேலை. கசிவை வைத்துக்கொண்டு ஸ்குருவைத் திருகினால் ஏர்கான் போட்டதும் இஞ்சின் அணையும்.

5,500ஐத் தாண்டியும் விடெக் வரவில்லை

விடெக் திறப்பது கருப்பெண்ணெயின் (இஞ்சின் எண்ணெயின்) அழுத்தத்தால். வால்வை அழுத்தும் மூன்று ராக்கர்களையும் நடு கேமோடு பூட்டும் பின்களை எண்ணெய்தான் தள்ளுகிறது. ஆகவே முதலில் டிப்ஸ்டிக். குறி கீழே இருந்தால் வேறெதையும் சோதிக்க வேண்டாம். ஃபில்டரோடு சேர்த்து இந்த இஞ்சின் குடிப்பது 4 லிட்டர்.

எண்ணெய் சரியென்றால், இசியு விடெக்கை அனுமதிக்க என்னென்ன கேட்கிறது என்று பாருங்கள். கூலண்ட் சுமார் 60 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும், காடி நகர வேண்டும், இஞ்சின் மேல் பாரம் இருக்க வேண்டும். நிறுத்தி வைத்து உறுமவிட்டு "விடெக் வரவில்லை" என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஹாஃப்கட் மாற்றிய காடியில் கியர்பாக்ஸின் வேக சென்சர் வயர் இணைக்கப்படாமல் இருந்தால் 17 வரும், விடெக்கும் வராது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த காடி, மழை நேரத்து நெடுஞ்சாலையில் சூடே ஏறாமல் இதே நோயைக் காட்டும்.

21 வந்தால் சோலினாய்டின் வயருக்கும் அதன் உடம்புக்கும் இடையில் ஓம் அளவிடுங்கள். 14 முதல் 30 ஓம் வரை சரி. பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் 'டக்' என்று கேட்க வேண்டும். சத்தம் கேட்கிறது, வேலை செய்யவில்லை என்றால் மூன்று போல்ட்டையும் கழற்றி, ஹெட்டோடு சேரும் இடத்தில் உள்ள கேஸ்கட்டைப் பாருங்கள். அதிலேயே ஒரு மெல்லிய வலை இருக்கிறது. எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய இஞ்சினில் அந்த வலையில் கரிப்பசை படிந்து, விரலால் தடவினால் தார் போல இழுக்கும். கழுவி மாட்டலாம், ஆனால் ரப்பர் தட்டையாகிவிட்டால் புதுசு போடுங்கள், இல்லையென்றால் கசிந்து ஆல்டர்னேட்டரை நனைக்கும்.

22 என்றால் பிரஷர் சுவிட்ச். இஞ்சின் அணைந்திருக்கும்போது அது இணைந்திருக்க வேண்டும், அழுத்தம் வந்ததும் திறக்க வேண்டும். இந்த வயரை நிரந்தரமாக எர்த்தில் கட்டி விளக்கை அணைக்கும் குறுக்குவழி பட்டறைகளில் உண்டு. தாழ்ந்த ஆர்பிஎம்மில் அது இசியுவை ஏமாற்றும். விடெக் திறக்க வேண்டிய நேரத்தில் சுவிட்ச் திறக்கவில்லை என்று மாட்டிக்கொள்ளும். ஓபிடி1 (ஈஜி காலத்து) இசியுவில் பின் எண்கள்: சோலினாய்டு ஏ4, பிரஷர் சுவிட்ச் டி6, நாக் சென்சர் டி3. ஒட்டுப்போட்ட வயரிங்கில் இந்த மூன்றையும் பின்னோடு பின்னாக மீட்டரில் தொடர்பு பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 22 திரும்பத் திரும்ப வந்தால் எண்ணெய் அழுத்தத்தையே அளக்க வேண்டும். எண்ணெய் சூடான பிறகு ஐடலில் குறைந்தது 70 கிலோபாஸ்கல், 3,000 ஆர்பிஎம்மில் குறைந்தது 340. அதற்குக் கீழே இருந்தால் பிரச்சினை விடெக்கில் இல்லை, பேரிங்கிலோ எண்ணெய்ப் பம்பிலோ இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு 8,000 வரை இழுக்காதீர்கள்.

விடெக் கன்ட்ரோலர் மாட்டி 4,000லேயே திறக்க வைப்பது சத்தத்துக்கு நல்லது. இழுவைக்கு அல்ல: பெரிய கேம் அந்த ஆர்பிஎம்மில் சின்ன கேமைவிடக் குறைவாகத்தான் காற்று இழுக்கும்.

கேமரன் ஏற்றத்தில் சூடு முள் மேலே போகிறது

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். வளைவுக்கு வளைவு இரண்டாம், மூன்றாம் கியர், முன்னால் காய்கறி லோரி. கூலிங்கில் உள்ள குறை இங்கேதான் வெளிப்படும்.

எப்போது ஏறுகிறது என்பதே பாதி விடை. நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் ஏறி, ஓடினால் இறங்கினால் ஃபேன். ஃபேன் சுவிட்ச் கனெக்டரைக் கழற்றி அதன் இரண்டு வயரையும் இணையுங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச் போய்விட்டது. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார். ஓடும்போதும் ஏற்றத்திலும் ஏறினால் கூலண்ட் ஓட்டமோ காற்றோட்டமோ போதவில்லை: ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, அல்லது ஏர்கான் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் செம்மண்ணும் பூச்சியும் அடைந்த பாய். இரண்டையும் பிரித்து, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் கழுவி வேண்டாம், இதழ்கள் மடங்கிவிடும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஹெட்லாம்பு போட்டதும் முள் ஏறி, அணைத்ததும் இறங்குகிறதா? அது சூடே அல்ல, எர்த். இசியுவின் எர்த் வயர்கள் தெர்மோஸ்டாட் கூட்டில் ஒரு போல்ட்டில் சேர்கின்றன. இஞ்சின் மாற்றும்போது அதைத் துருவின் மேலேயே இறுக்கிவிடுவார்கள், சில நேரம் மறந்தேவிடுவார்கள். இஞ்சின் ஓட, லாம்பும் ஃபேனும் போட்டபடி, பேட்டரி நெகட்டிவுக்கும் தெர்மோஸ்டாட் கூட்டுக்கும் இடையில் வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுரண்டி, புது எர்த் வயர் போடுங்கள். விளங்காத பல நோய்கள் இதோடு போகும்.

தெர்மோஸ்டாட் 78 டிகிரியில் திறக்கத் தொடங்கி 90இல் முழுதாகத் திறக்க வேண்டும். ஒரு சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பார்க்கலாம். கழற்றிவிட்டு ஓட்டுவது தீர்வல்ல, இஞ்சின் ஆறியே கிடக்கிறது என்று நினைத்து இசியு பெட்ரோலைக் கொட்டும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கடினமாகியிருந்தால் மாற்றுங்கள், இவ்வளவு பழைய காடியில் இதைவிட மலிவான பழுது கிடையாது.

ராத்திரி முழுக்க ஆறிய காடியில், காலையில் மேல் குழாயை அமுக்கினால் கல் மாதிரி இறுகியிருக்கிறதா? மூடியைத் திறந்து ஓடவிட்டால் விடாமல் குமிழி வருகிறதா? ஹெட் கேஸ்கட். அடைப்பு மருந்து ஊற்றிச் சமாளித்தால் ரேடியேட்டரும் சேர்ந்து போகும்.

ஏற்றத்தில் பாரம் கொடுத்தால் கலகலவென்று சத்தம்

அது நாக்கிங், சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒழுங்கில்லாமல் தானாக வெடிப்பது. ஜப்பானில் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கென்று 10க்கு மேல் கம்பிரஷனோடு செய்த இஞ்சின் இது. ரோன் 97 (97 ஆக்டேன்) பெட்ரோல் போட்டுப் பாருங்கள். அதிலும் கேட்டால் டைமிங்கை அளவிடுங்கள், இழுவை கூட வேண்டுமென்று யாரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்திருப்பார்கள். 16க்குக் கொண்டுவாருங்கள். தொடர்ந்து கேட்க விட்டால் பிஸ்டன் வளையத்தின் மேல் விளிம்பு உடையும், அதற்குப் பிறகு ஹாஃப்கட் கடைக்குத்தான் போக வேண்டும்.

நீலப் புகை, எண்ணெய் குறைகிறது

இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது ஒரு வீச்சுப் புகை வந்தால் வால்வு சீல். இழுக்க இழுக்கப் புகைந்தால் ரிங். உறுதி செய்ய கம்பிரஷன் சோதனை: இஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் வெளியே, டிஸ்ட்ரிபியூட்டர் கனெக்டரும் இன்ஜெக்டர் கனெக்டர்களும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துச் சுற்றவிடுங்கள். நல்ல பி16ஏ 180 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். 135 என்பது அடிமட்ட எல்லை. சிலிண்டருக்குச் சிலிண்டர் 28 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால் ஏறுகிறதா? ரிங். ஏறவில்லையா? வால்வு அல்லது கேஸ்கட்.

தோட்டச் சடக்கில் ஓடும் காடியில் ரிங் சீக்கிரம் போவதற்குத் பெட்டி இல்லாத திறந்த பாட் ஃபில்டர் (காற்று வடிகட்டி) ஒரு பெரிய காரணம். பானட்டுக்குள் சூட்டுக் காற்றையும் செம்மண் தூசியையும் சேர்த்து இழுக்கும். அசல் ஃபில்டர் பெட்டியை நல்ல ஃபில்டரோடு வைத்துக்கொள்வதே எங்கள் கணிப்பில் லாபம். பாட்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் கழுவுங்கள். இந்த இஞ்சின் மேப் சென்சரால் ஓடுவதால் ஃபில்டரில் தடவும் எண்ணெய் சென்சரைக் கெடுக்காது.

மேலே டிக் டிக்

ஆறியிருக்கும்போது மட்டும் கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸ்ட்ராக்டர் கேஸ்கட் கசிவு. எப்போதும் கேட்டால் வால்வு இடைவெளி. இஞ்சின் கை வைக்கும் அளவு ஆறியபின், இன்டேக் 0.15 முதல் 0.19 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.17 முதல் 0.21 மி.மீ. கிராங்கை இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மட்டும் சுற்றுங்கள், இந்த இஞ்சின் அப்படித்தான் ஓடுகிறது. மூடி திறந்திருக்கும்போதே நடு ராக்கரை விரலால் அழுத்திப் பாருங்கள். பக்கத்து இரண்டையும் விட்டுத் தனியாக அசைய வேண்டும். ஒட்டிக்கொண்டு அசைந்தால் உள்ளே பின் சிக்கியிருக்கிறது.

டைமிங் பெல்ட்டின் வயது தெரியாத ஹாஃப்கட் இஞ்சினில் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் காடிக்குள் இறக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் இஞ்சின் இது. டென்ஷன் வைக்க: ஐந்தாறு சுற்று சுற்றி முதல் சிலிண்டரை மேலே நிறுத்தி, டென்ஷனர் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி, கேம் புல்லியில் மூன்று பல் அளவு கிராங்கைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி, 54 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கிராங்க் புல்லி போல்ட் 177.

கியர் கடிக்கிறது

கிளச்சை அழுத்தி மூன்று விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கடித்தால் கிளச் முழுதாக விடவில்லை. பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் தண்டில் ஈரமா, கியர்பாக்ஸ் பக்கம் சிலேவ் ரப்பருக்குள் எண்ணெயா என்று பாருங்கள். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்து, வேகமாக மூன்றாவது போடும்போது மட்டும் கடித்தால் சிங்குரோ (கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் வளையம்). அதற்கு முன் 2.2 லிட்டர் கியர் எண்ணெயை மாற்றிப் பாருங்கள், ஹோண்டா எம்டிஎஃப் அல்லது அதற்கு நிகரானது. வழக்கமான ஜிஎல்-5 எண்ணெய் இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது.

கீழே சத்தம், டயர் உள்பக்கம் தேய்கிறது

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஓட்டும்போது டக் டக் என்றால் வெளி சிவி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து மண் போயிருக்கும். பிரேக் அடிக்கும்போது பின்பக்கம் ஆடினால் பின் டிரெயிலிங் ஆர்ம் புஷ். நடு ரப்பர் கிழிந்து பிரிந்திருக்கும். தாழ்த்திய காடியில் டயரின் உள்விளிம்பு தேய்வதற்கு எல்லாரும் கேம்பரை (டயரின் சாய்வு) திட்டுவார்கள், தின்பது பெரும்பாலும் டோ (டயர்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு). புஷ்ஷை மாற்றாமல் அலைன்மென்ட் செய்தால் பணம் தண்டம்.

மலை இறங்கும்போது பிரேக் பெடல் பஞ்சாகப் போனால் எண்ணெய் கொதித்துவிட்டது. இந்த ஈரக்காற்றில் டாட் 4ஐ இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து வாருங்கள்.

போலீஸ் சாலைத் தடுப்பில் இஞ்சின் எண் பொருந்தவில்லை

பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணும் கிரானில் (வாகன உரிமைச் சான்றில்) இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இஞ்சின் மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் வாகனச் சோதனையும் தேவை. ஹாஃப்கட் வாங்கும் நாளிலேயே ரசீதையும் சுங்கக் காகித நகலையும் தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

ஒரு வாரம் நிறுத்தினேன், இப்போது மூன்று சிலிண்டரில் ஓடுகிறது

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் இதற்கு எலியைத்தான் முதலில் தேட வேண்டும். இஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர். அதன் பிளக்கில் நெருப்பு இருந்தால் இன்ஜெக்டர் வயரை இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் விரலால் தடவிக்கொண்டே போங்கள். பல் பட்ட இடம் கையில் தட்டுப்படும்.

வயர் முழுசாக இருந்தால் இன்ஜெக்டரின் ஓமை அளவிடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் சில இன்ஜெக்டர்கள் 10 முதல் 13 ஓம், பழைய ஜப்பான் பி16ஏ-க்களில் வருபவை 2 ஓம் அளவில்தான் இருக்கும். தாழ்ந்த ஓம் வகைக்கு ரெசிஸ்டர் பெட்டி அவசியம். இஞ்சின் மாற்றும்போது அதை விட்டுவிட்டு நேரடியாக இணைத்தால் இசியுவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் வெந்துபோகும். நான்கையும் அளந்து ஒரே வகைதானா என்று பார்த்த பிறகுதான் மாற்று இன்ஜெக்டர் வாங்குங்கள். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றாமல், சோல்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டு, வரிவரியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். எலி மருந்தை பானட்டுக்குள் வைக்க வேண்டாம், உள்ளேயே செத்தால் ஏர்கான் வழியாக நாற்றம் காடிக்குள் வரும். பொறியை டயருக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள்.